லத்தியைத் தொடாமல் நான் செய்த காரியம்

போன சனிக்கிழமை வில்லியனூரில் எனக்குக் கைதட்டினார்கள்.

சும்மா இல்லை... நாற்பது பேர், எழுந்து நின்று! எல்லாரும் புதிதாகப் போலீஸில் சேர்ந்தவர்கள். மனநிலை சரியில்லாத ஒருவர் தெருவில் கலாட்டா செய்தால் போலீஸ்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. அதில் பத்து நிமிஷம் நான் பேச வேண்டும். ஏன் நான்? இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — இப்போது சாக்பீஸ் பிடிக்கிற இந்தக் கை, அதற்கு முன் ஆறு வருஷம் லத்தி பிடித்த கை.

என்னை அறிமுகப்படுத்திய அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு பாகூர் பக்கம் கான்ஸ்டபிளா இருந்தப்போ, கையில எடைக்கல்லோட நின்ன ஒரு மனநோயாளியை லத்தியைத் தொடாம, வாயால பேசியே கூட்டிக்கிட்டுப் போனவரு. நீங்கள்லாம் இவரை மாதிரி வரணும்."

அப்போதுதான் கைதட்டல். நான் கும்பிட்டேன். பத்து நிமிஷம் பேசினேன். டீ கொடுத்தார்கள், இரண்டு போண்டா கொடுத்தார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பது பேரில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை — 'கூட்டிக்கிட்டுப் போய் அந்த ஆளை எங்க சார் விட்டீங்க?'

கேட்டிருந்தால்? பொய்தான் சொல்லியிருப்பேன். எட்டு வருஷமாக அதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறேன். யாரும் கேட்காததால் அது இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அந்தப் பொய்யை இனிமேல் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வகுப்பு நடந்தது. அப்போது நான் கீழே பெஞ்சில். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். போலீஸ்காரர்களுக்குப் பைத்தியத்தைப் பற்றிப் பாடமா என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு. மீதிப் பேருக்குத் தூக்கம்.

"மேடம், அவன் கடிச்சா இன்னா பண்றது?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மொதல்ல நீங்க கடிக்காம இருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு கொஞ்சம் பேர் விழித்துக்கொண்டார்கள். நான் ஆரம்பத்திலிருந்தே விழித்திருந்தேன். சொல்லப்போனால் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன் — முக்கியமான வரிகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. என் அப்பா மடுகரையில் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவன் நான். யார் பாடம் நடத்தினாலும் எழுதிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை.

தொப்பியைக் கழற்றுங்கள், உங்கள் சிவப்புத் தொப்பியே அவருக்குப் பயம். சுற்றி வளைக்காதீர்கள். உட்காருங்கள், அவரைவிட உயரமாக நிற்காதீர்கள். அவர் சொல்வதை இல்லை என்று மறுக்காதீர்கள், ஆமாம் என்று தூபமும் போடாதீர்கள். பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். அவசரப்படாதீர்கள்...

அத்தனையும் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். நல்ல மாணவன்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஏட்டு என் நோட்டை எட்டிப் பார்த்தார். "இன்னாடா தம்பி, கலெக்டர் பரீட்சைக்கா எழுதிக்கினு இருக்கிற?"

ஏட்டு கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்துவிடும். தன் சோற்றில் பாதியை எனக்குப் போட்டவர். யார் மீதும் அநாவசியமாகக் கை நீட்டாதவர்.

எங்களுக்கு வேலை பாகூருக்கு மேற்கே ஒரு அவுட்போஸ்ட்டில். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏட்டு, நான், இன்னும் ஒருவர். மூன்று மைல் தள்ளி ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்னாற்காடு ஜில்லா. அங்கே அப்போது மதுவிலக்கு. இந்தப் பக்கம் பாண்டிப் பிரதேசம், சாராயக்கடை.

பிறகு என்ன நடக்கும்? சாயங்காலமானால் அந்தப் பக்கத்து ஆட்கள் வாய்க்காலைத் தாண்டி வருவார்கள். திரும்பும்போது அவர்கள் காலுக்கு வாய்க்கால் எது, வரப்பு எது என்று தெரியாது. பிடித்துக் கேஸ் எழுதினால் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அந்தப் பக்கம் ஏற்றிவிட்டு வந்துவிடுவோம். "அந்தாண்ட வுட்டுட்டு வா" என்பார் ஏட்டு. காலையில் தெளிந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வீடு அந்தப் பக்கம்தானே!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பழக்கம் என்றால் என்ன? யோசிப்பதை நிறுத்திவிட்ட வேலை. நாளாக நாளாக, கேட்பாரில்லாத எவரும் அந்தப் பக்கத்து ஆள் என்றே எங்களுக்கு முடிவாகிவிட்டது. அழுக்கு உடுத்தியவர், தனியாகச் சிரிப்பவர், பேர் சொல்லத் தெரியாதவர்... எல்லாரும் அந்தாண்ட!

அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்களும் சும்மா இல்லை. அவர்கள் இந்தப் பக்கம் தள்ளுவார்கள். பேச்சு வராத ஒரு பெரியவரை ஒரே மாதத்தில் மூன்று முறை நாங்கள் அங்கே அனுப்பினோம். மூன்று முறை அவர்கள் இங்கே அனுப்பினார்கள். நாலாவது முறை அனுப்பிய பிறகு அவர் வரவில்லை. "பாத்தியா, அவனுங்களே வெச்சிக்கினானுங்க" என்று ஏட்டு சந்தோஷப்பட்டார். நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் எங்கே போனார்? எங்களில் யாரும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். காலை பத்து மணி. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் மூச்சு வாங்க அவுட்போஸ்ட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏட்டையா, வெரசா வாங்க! ஒருத்தன் என் எடைக்கல்லத் தூக்கிக்கினு நிக்கிறான். கேட்டா அடிக்க வரான்."

"எத்தினி கிலோ பாய்?"

"கையில ரெண்டு ரெண்டு கிலோ. மடியில அஞ்சு கிலோ."

"பேஷ்! உங்க எடைக்கல்லு சரியா இருக்குதான்னு பாக்க வந்த ஆபீசரா இருக்கப் போறான்."

"வயித்தெரிச்சல் தெரியாம ஏட்டையா நீங்க வேற!"

போனோம். கடைக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். நடுவில் ஒரு ஆள் — நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த உடம்பு, கைலியை இறுக்கிக் கட்டி மடியில் கல்லைச் செருகியிருந்தார். இரண்டு கையிலும் இரும்புக்கல். ஒருவன் கயிறு கொண்டு வந்திருந்தான். இன்னொருவன் வண்டி நுகத்தடியையே உருவிக்கொண்டு வந்துவிட்டான். "மேல தண்ணிய ஊத்துங்கடா, எறங்கிடும்!" என்று ஒரு யோசனை பின்னாலிருந்து வந்தது.

ஏட்டு லத்தியைக் கையில் எடுத்தார்.

"ஏட்டையா... ஒரு அஞ்சு நிமிஷம். கிளாஸ்ல டாக்டரம்மா சொன்னாங்களே, அது மாதிரி..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க டாக்டரு. காட்டுங்க பாக்கலாம். கல்லு மண்டையில வுழுந்தா பாய்தான் பொறுப்பு."

"நானா? நான் இன்னா பண்ணேன்?" என்றார் பாய்.

தொப்பியைக் கழற்றி பாயிடம் கொடுத்தேன். லத்தியை ஏட்டிடம் கொடுத்தேன். கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொன்னேன். அந்த ஆளுக்கு ஆறடி தள்ளி, மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போலீஸ்காரன் தெருவில் உட்கார்ந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். ஒரே சிரிப்பு. என் முதுகு வேர்த்துவிட்டது.

என் பெயரைச் சொன்னேன். "உங்க பேரு இன்னாண்ணே?"

"போ."

"போறேன். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

வெயில் ஏறியது. பார்க்க வந்தவர்களுக்கே சலிப்புத் தட்டி நாலைந்து பேர் நகர்ந்தார்கள்.

"சிங்காரவேலு" என்றார் திடீரென்று.

"கை வலிக்குதாண்ணே?"

"வலிக்குது."

"கீழ வெச்சிடுங்களேன்."

"வெச்சா என்னத் தூக்கிக்கினு போயிடும்."

"எது?"

"கடலு."

"இங்க ஏதுடா கடலு? ஏரிதான் இருக்குது!" என்று ஒருவன் கத்தினான். கல் மேலே போனது. கூட்டம் ஓடியது. நான் உட்கார்ந்தே இருந்தேன்... தைரியம் இல்லை, கால் மரத்துப்போயிருந்தது.

"பயமா இருக்குதாண்ணே?"

"உனக்கு இல்லியா?"

"எனக்கும் பயமாதான் இருக்குது."

அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது. அதைக் கேட்டு அவர் கல்லைத் தாழ்த்தினார். அடுத்து நான் சொன்னது என் நோட்டில் இல்லாதது. நானாகச் சொன்னது.

"அந்தக் கல்லு ரெண்டு கிலோதாண்ணே. நான் அறுபத்திரண்டு கிலோ. என்னைப் புடிச்சிக்கங்க. நான் வுடமாட்டேன்."

என்னை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். "அறுபத்திரண்டா? பாத்தா அப்டித் தெரியலியே."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். குனிந்து ஒவ்வொரு கல்லாகக் கீழே வைத்தார் — பெரியது, சின்னது என்று வரிசையாக, பாய் கடையில் வைக்கிற மாதிரியே. பிறகு வந்து என் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கலர் சோடாவை உடைத்துக் கொண்டுவந்தார். ஏட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதாண்டா!"

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. அது ஐந்து நிமிஷம் இருந்தது.

"சரி தம்பி, அப்டியே சைக்கிள்ல ஒக்கார வெச்சி அந்தாண்ட வுட்டுட்டு வந்துடு. உன்கூடதான் நல்லா வரான்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வரணும்னு டாக்டரம்மா..."

"ஆஸ்பத்திரின்னா டவுனு. போவ வர ஒரு நாளு பூடும். மினிஸ்டர் வராரு, பந்தோபஸ்துக்கு யாரு? பஸ்ஸுல கலாட்டா பண்ணா யாரு? நாம அடிச்சமா, ஒதைச்சமா? பத்திரமா அந்தாண்ட வுடறோம். அவன் ஜனம் பாத்துக்கும்."

எல்லாம் நியாயமான காரணங்கள்தான். டாக்டர் சொன்னதையும் கேட்டேன், ஏட்டு சொன்னதையும் கேட்டேன். இரண்டு வாத்தியார்களிடமும் நூற்றுக்கு நூறு வாங்குகிற மாணவன்!

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். மண் ரோடு. இரண்டு பக்கமும் கரும்பு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மடுகரை."

"அங்க கடலு இருக்குதா?"

"இல்லண்ணே. இந்த மாதிரி கரும்புதான்."

"நல்ல ஊரு." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்குப் பிள்ளைச்சாவடி" என்றார்.

பெடல் போட்ட கால் நின்றுவிட்டது. பிள்ளைச்சாவடி! காலாப்பட்டுப் பக்கம். நம்ம பிரதேசம். அந்தப் பக்கத்து ஆள் இல்லை. அவருடைய ஜனம் எனக்கு முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால், கிழக்கே கடற்கரையில் இருக்கிறது.

சைக்கிளைத் திருப்பியிருக்கலாம். திருப்புவதற்கு அகலமான ரோடுதான். 'ஏட்டு திட்டுவார், மத்தியானம் ஆகிவிட்டது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை...' என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். இன்னும் ஒரு மைல் இருந்தது. ஒரு மைல் முழுக்க நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

"உங்க வூட்டுக்கா போறோம்?"

"ஆமாண்ணே."

வாய்க்காலின் குறுக்கே ஒரு பனந்துண்டு போட்டிருக்கும். என் பெல்ட்டைப் பிடித்தபடியே அதில் நடந்து வந்தார். அந்தக் கரையில் ஒரு வேப்பமரம். நிழலில் உட்கார வைத்தேன்.

"இங்கயே இருங்கண்ணே. தண்ணி கொண்டாரேன்."

"வருவ இல்ல?"

"வருவேன்."

ஆனால் பெல்ட்டை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முரட்டுத்தனமாக இல்லை. டாக்டர் சொன்ன மாதிரியே — அவசரப்படாமல், குரலை உயர்த்தாமல்.

அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பார்த்தேன். அந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவுட்போஸ்ட் டைரி எழுதியது நான்தான். எனக்குத்தான் கையெழுத்து அழகு. 'மனநிலை சரியில்லாத நபர் பயிற்சியில் கூறியபடி அமைதிப்படுத்தப்பட்டு அனுப்பி வைக்கப்பட்டார்.' இந்த வரிதான் பிறகு மேலிடம் போய், டாக்டர் வரை போய், போன சனிக்கிழமை கைதட்டல் வரை போயிருக்கிறது. எங்கே அனுப்பினாய் என்று கேட்க அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

மறுநாள் காலை ஒரு அம்மா வந்தார். சிங்காரவேலுவின் மனைவி, அமராவதி. கடற்கரையிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மீன் விற்க வரும் கூடைக்காரப் பெண்களிடம் விசாரித்து விசாரித்து எங்கள் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டார். அங்கே பாய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கதானா சார் அவர அடிக்காம பேசினது? பாய் சொன்னாரு. தரையில ஒக்காந்தீங்களாமே சார்... நீங்க நல்லா இருக்கணும்."

கும்பிடாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏட்டு முந்திக்கொண்டார். "அவரு கடலூர் பஸ்ஸுல ஏறிப் போய்ட்டாரும்மா. கடலூர்ல போயி தேடிப் பாரு."

அந்த அம்மா ஏட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அப்டியா சார்?" ஏட்டு சொன்னதை அவர் நம்பவில்லை, நான் சொன்னால் நம்புவார். ஏன்? நான் தரையில் உட்கார்ந்தவன்!

"ஆமாம்மா" என்றேன்.

அவர் கடலூருக்குப் போனார். வாய்க்கால் இருப்பது மேற்கே. கடலூர் தெற்கே. இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் சுற்றியிருக்கிறார்.

அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன்? மினிஸ்டருக்கு சல்யூட் அடித்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஏட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் — ஏட்டு இருந்திருந்தால் அன்றைக்கும் சொல்லியிருப்பேனா, தெரியாது. சொன்னேன். சைக்கிள், வாய்க்கால், வேப்பமரம், தண்ணீர்... எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி வாங்க. எந்த எடம்னு காட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால், பத்தடி தள்ளி அவர் பின்னால். மூன்று மைல் நடந்தோம். மரத்தடியில் யாரும் இல்லை. அக்கம்பக்கம் கேட்டுக்கொண்டே போனதில், இரண்டாவது ஊரில் வெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகையைக் காட்டினார்கள்.

கரும்புச் சக்கை குவித்திருந்த மூலையில் சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம்.

கொப்பரையில் பாகு கிண்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். "கெணத்து மோட்டார் திருட வந்தவன்னு நேத்து நாலு பேரு கட்டி வெச்சி அடிச்சிட்டானுங்க. நாங்கதான் அவுத்துக் கூட்டியாந்தோம். அதுக்கு முன்ன ரெண்டு நாளா வாய்க்கா ஓரத்து மரத்தடியிலதான் ஒக்காந்திருந்தாரு. சோறு குடுத்துக் கூப்ட்டோம். நவுர மாட்டேன்னுட்டாரு. யாரோ ஒரு தம்பி தண்ணி கொண்டார போயிருக்குதாம்... வந்துடுமாம்."

அந்த அம்மா அதைக் கேட்டார். நானும் கேட்டேன்.

அவர் புருஷனிடம் போய் உட்கார்ந்து முகத்தைத் தொட்டார். சிங்காரவேலுவுக்கு அடையாளம் தெரிந்தது. சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டடி முன்னால் போய், எனக்குத் தெரிந்த அந்த ஒரே குரலில் "அண்ணே..." என்றேன்.

சிரிப்பு நின்றது. சக்கைக்குள் பின்னாலேயே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் கையில் லத்தி இல்லை, தலையில் தொப்பி இல்லை. அவர் பயந்தது அந்தக் குரலுக்குத்தான்.

"நீ நல்லாப் பேசுவ" என்றார். "பேசாத."

நான் வெளியே வந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், பாகுக் கொப்பரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுக்கு முன்ன ரெண்டு ஊர்ல போலீசு அடிச்சாங்க சார். ரெண்டு அடி வுழுந்தா போதும், எங்க இருந்தாலும் வழி கண்டுபுடிச்சி நேரா வூட்டுக்கு ஓடியாந்துடுவாரு. வந்து எம் பின்னால ஒளிஞ்சிக்குவாரு. நீங்க அடிக்கல..."

அடித்திருந்தால் வீட்டுக்கு ஓடியிருப்பார். நான் நன்றாகப் பேசினேன். அதனால் உட்கார்ந்து காத்திருந்தார்.

இந்த எட்டு வருஷத்தில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. இதமான குரலும் போலீஸ்காரன் கையில் ஒரு ஆயுதம்தான். லத்தி பட்டால் தழும்பு தெரியும், கேள்வி வரும். இதற்குத் தழும்பும் இல்லை, கேள்வியும் இல்லை, கைதட்டல்தான். எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசி முடித்த பிறகு அந்த ஆளை எங்கே கூட்டிப்போவது, எந்த வண்டியில், அன்றைக்கு பந்தோபஸ்துக்கு வேறு யார் நிற்பது? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் ஒருவரிடம் 'விடமாட்டேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள். போன சனிக்கிழமை மைக் என் கையில் இருந்தது. அப்போது சொல்லாததை இப்போது பேப்பரில் எழுதுகிறேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

இதனால்தான் போலீஸ் வேலையை விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் சம்பளம் வாங்கினேன். வாத்தியார் வேலை கிடைத்தது, விட்டேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்காரர்கள் இரண்டு பேரையும் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டி வந்தார்கள். நான் தள்ளியே நடந்து வந்தேன். பாண்டி பஸ் வந்தது. நின்றது. அந்த அம்மா ஏறிக் கையை நீட்டினார். சிங்காரவேலு ஏறவில்லை. படிக்கட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். பஸ்ஸைவிட்டு நகர்ந்து போகவும் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். "ஏம்மா, வராங்களா இல்லியா?"

அந்த அம்மா படியில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னார், கோபமே இல்லாமல்: "சார், நீங்க அந்தாண்ட போயிடுங்க. அப்பதான் ஏறுவாரு."

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அதன் பின்பக்கம் போய், தட்டிக்குப் பின்னால், கழுவ வைத்த பாத்திரங்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். விசில் கேட்டது. பஸ் கிளம்பிய சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சிங்காரவேலு வீடு போய்ச் சேர நான் செய்த ஒரே உதவி அதுதான்... அவர் கண்ணில் படாமல் இருந்தது.